தக்காளி விலையும் கலெக்டர் பரீட்சையும்



இந்தத் தடவை எனக்கு வந்த கடிதங்களில் ஐந்து ஒரே விஷயத்தைப் பற்றியவை. வீட்டில் பெண்ணோ பிள்ளையோ ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குப் படிக்கிறார்கள். புத்தகம் மலை மாதிரி குவிகிறது. தினசரிப் பேப்பரைக் கத்தரித்துக் கத்தரித்து அலமாரி நிறைய வைக்கிறார்கள். காபி போட்டுக் கொடுப்பதைத் தவிர, அதிகம் படிக்காத நாம் என்ன உதவி செய்ய முடியும்? இது நான்கு பேர் கேட்டது. ஐந்தாவது கடிதம் ஒரு மாமியார் எழுதியது. மருமகள் பி.எஸ்ஸி. படித்தவளாம், கையில் ஒன்றரை வயசுக் குழந்தை. “நானும் இந்தப் பரீட்சை எழுதறேன் அத்தை” என்கிறாளாம். ‘வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. ஆனால் இது ஆகிற காரியமா?’ என்று கேட்டிருக்கிறார். இந்த அம்மாளுக்குக் கொஞ்சம் விவரமாகவே பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் மற்றவர்கள் கேட்டதைப் பார்த்துவிடுவோம்.

நான் பத்தாவதோடு நின்றவள். என் பெரிய பெண் இந்தப் பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் முதல் படியிலேயே நின்றுவிட்டாள். இப்போது மூன்றாவது தடவைக்குப் படிக்கிறாள். ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது என் வேலை. ஆகவே பரீட்சை எழுதாமலே பாதிப் பாடம் எனக்கும் வந்துவிட்டது!

முதலில் பரீட்சையின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். யு.பி.எஸ்.சி. நடத்தும் சிவில் சர்வீஸ் தேர்வுக்கு மூன்று படி. முதல்நிலைத் தேர்வில் இரண்டு தாள். நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், தப்பானால் மூன்றில் ஒரு பங்கு மார்க் போய்விடும். அதில் தேறினால் முதன்மைத் தேர்வு, ஒன்பது தாள், பக்கம் பக்கமாக எழுத வேண்டும். பிறகு நேர்முகம். முதன்மைத் தேர்வின் 1,750 மார்க்கும் நேர்முகத்தின் 275 மார்க்கும் சேர்ந்து 2,025-க்குத்தான் ரேங்க். பெண்களுக்குப் பரீட்சைக் கட்டணம் கிடையாது. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், நேர்முகத்திலும் தமிழில் பேசலாம். ஆனால் முதல்நிலைக் கேள்வித்தாள் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும்தான் அச்சாகி வரும். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் பலர் தடுக்கி விழும் வாசற்படி இதுதான். பணவீக்கம், நிதிப் பற்றாக்குறை என்று தமிழில் படித்தாலும், இங்கிலீஷ் பெயரையும் பக்கத்திலேயே எழுதிப் பழகச் சொல்லுங்கள்.

சரித்திரம், பூகோளம், விஞ்ஞானம் எல்லாம் இதில் உண்டு. ஆனால் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்துவது மூன்று: அரசு நிர்வாகம், பொருளாதாரம், நாட்டு நடப்பு. இந்த மூன்றில்தான் நம்மால் உதவி செய்ய முடியும் என்று நான் அடித்துச் சொல்வேன். ஏனென்றால் இவை நம் சமையலறை வழியாகப் போகிற விஷயங்கள்.

2018-ஆம் வருஷம் முதல்நிலைத் தேர்வில் வந்த ஒரு கேள்வியைச் சொல்கிறேன். 2013-ஆம் வருஷத்து தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி மூன்று வாக்கியங்கள் கொடுத்து, எது சரி என்று கேட்டார்கள். ஒன்று, வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தானியம். இரண்டு, ரேஷன் கார்டைப் பொறுத்தவரை வீட்டில் 18 வயசு நிறைந்த பெண்களில் மூத்தவரே குடும்பத் தலைவர். மூன்று, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் தினம் 1,600 கலோரிக்கு வீட்டுக்கு எடுத்துப்போகும் ரேஷன் உண்டு.

இரண்டாவது மட்டும்தான் சரி. சட்டத்தில் இருப்பது 600 கலோரி. என் பெண் இந்த நம்பரை மனப்பாடம் பண்ணிப் பண்ணி மறந்து போவாள். நான் சொன்னேன், “ஏண்டி, அங்கன்வாடியில கர்ப்பிணிக்குக் குடுக்கற சத்துமாவைப் பார்த்திருக்கியே. அது வீட்டுச் சாப்பாட்டுக்கு மேல ஒரு துணைதானே? 1,600 கலோரின்னா கிட்டத்தட்ட ஒரு ஆளோட முழுநாள் சாப்பாடாச்சே!” அதற்கப்புறம் அவள் அதை மறக்கவில்லை. ரேஷன் கார்டில் பெண்ணைக் குடும்பத் தலைவராகச் சட்டமே சொல்லியிருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது “அப்படியா?” என்று ஒரு நிமிஷம் பேப்பரைக் கீழே வைத்தார்.

இதோடு இன்னொரு நூலும் வருகிறது. அந்தச் சட்டம் கிராமத்தில் 75 சதவீதம் பேர், நகரத்தில் 50 சதவீதம் பேர் வரை என்று வரம்பு கட்டியது. தமிழ்நாட்டிலோ எல்லோருக்குமான ரேஷன் நடைமுறையில் இருந்தது. ஆகவே 2016 நவம்பரில் சட்டத்தை ஏற்றுக்கொண்டபோதும், அந்தப் பழைய முறையை விடாமல்தான் ஏற்றுக்கொண்டார்கள். மத்திய அரசின் சட்டம், மாநில அரசின் முறை, இரண்டும் ஒரே ரேஷன் கடையில் எப்படிச் சேர்கின்றன என்று யோசித்தால் அதுவே முதன்மைத் தேர்வுக்கு ஒரு விடை.

பஞ்சாயத்தும் அப்படித்தான். 73-ஆவது அரசியல் சாசனத் திருத்தம், 1992; நடைமுறைக்கு வந்தது 24 ஏப்ரல் 1993; பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம்; தமிழ்நாட்டில் அதைப் பாதியாக உயர்த்தியது 2016-ல். இப்படி வரிசையாக எழுதினால் மண்டையில் ஏறாது. உங்கள் ஊரில் கிராம சபை கூடும் நாளில் பிள்ளையை ஒரு தடவை அனுப்பி வையுங்கள். வரவு செலவுக் கணக்கை யார் படிக்கிறார்கள், பெண் தலைவர் பேசுகிறாரா, பக்கத்தில் நிற்கும் கணவர் பேசுகிறாரா என்று பார்த்துவிட்டு வரட்டும். நிர்வாகப் பாடத்தில் புத்தகத்தில் இல்லாத பாதி அங்கே கிடைக்கும்.

பெண் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. சி.பி.முத்தம்மா. குடகைச் சேர்ந்தவர், சென்னையில் படித்தவர், சுதந்திர இந்தியாவின் வெளிநாட்டு சர்வீஸில் 1949-ல் சேர்ந்த முதல் பெண்மணி. அந்தக் காலத்து விதிப்படி, அந்த சர்வீஸில் இருக்கும் பெண் கல்யாணம் செய்துகொள்ள அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். கல்யாணமானபின் குடும்பப் பொறுப்பால் வேலை கெடும் என்று தோன்றினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆண்களுக்கு இந்த விதி கிடையாது. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது முத்தம்மா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1979-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு சொல்வதற்குள் அரசாங்கம் பதவி உயர்வைக் கொடுத்துவிட்டது. அதனால் வழக்கு தள்ளுபடியாயிற்று. ஆனாலும் அந்த விதிகளைத் தீர்ப்பில் கடுமையாகக் கண்டித்து, மாற்றியாக வேண்டும் என்று எழுதினார். அரசியல் சாசனத்தின் 14-ஆவது பிரிவு சமத்துவம், 16-ஆவது பிரிவு அரசு வேலையில் சம வாய்ப்பு என்று எத்தனை தடவை ஒப்பித்தாலும் மறக்கும். முத்தம்மாவை நினைத்தால் மறக்காது.

இனி பொருளாதாரம். இதைக் கண்டால் பிள்ளைகளுக்கு ஜுரம் வருகிறது. ஆனால் மாசா மாசம் மளிகை லிஸ்ட் போடுகிற நமக்கு இது புதிதா என்ன?

‘பணவீக்க விகிதம் குறைந்தது’ என்று பேப்பரில் வரும். படித்துவிட்டு, “விலை எங்கே குறைஞ்சுது? கடைக்காரன் ஏமாத்தறான்” என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். பேச்சுக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு முதல் வருஷம் 100 ரூபாய். அடுத்த வருஷம் 120. உயர்வு 20 சதவீதம். அதற்கடுத்த வருஷம் 126. இப்போது உயர்வு 120-க்கு 6 ரூபாய், அதாவது 5 சதவீதம். விகிதம் 20-லிருந்து 5-ஆகக் குறைந்துவிட்டது. தராசில் நாம் கொடுப்பதோ 126! விலை ஏறுகிற வேகம் குறைந்திருக்கிறது, விலை குறையவில்லை. இதை ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டு என் பெண்ணுக்குக் காட்டினேன். முதல்நிலைத் தேர்வில் இதையே சுற்றி வளைத்துக் கேட்பார்கள்.

அரசாங்கக் கடனும் அதே மாதிரிதான். வருமானம் போதாமல் அரிசி பருப்புக்குக் கடன் வாங்கினால் அது ஒரு ரகம். கிணறு வெட்டவோ தையல் மிஷின் வாங்கவோ கடன் வாங்கினால் அது வேறு ரகம். அந்தக் கடனுக்குப் பின்னால் ஒரு வருமானம் வரும். அரசாங்கத்தின் அன்றாடச் செலவுக்கு வருவாய் போதாமல் விழும் துண்டு வருவாய்ப் பற்றாக்குறை. எல்லாச் செலவும் சேர்த்து மொத்தமாகக் கடன் வாங்க வேண்டிய அளவு நிதிப் பற்றாக்குறை. இரண்டாவது பெரிதாக இருந்து முதலாவது சின்னதாக இருந்தால், கடன் பெரும்பாலும் கிணறு வெட்டப் போகிறது என்று அர்த்தம். பட்ஜெட் அன்று டி.வி. முன்னால் உட்கார்ந்து எது மலிவு எது விலை கூடும் என்று மட்டும் பார்க்காமல் இந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேடிக்கை என்னவென்றால், ‘பட்ஜெட்’ என்ற சொல்லே நம் அரசியல் சாசனத்தில் இல்லை. 112-ஆவது பிரிவில் ‘ஆண்டு நிதிநிலை அறிக்கை’ என்றுதான் இருக்கிறது.

நாட்டு நடப்பு விஷயத்தில்தான் பிள்ளைகள் காலத்தை வீணடிக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். கோபித்துக்கொள்ளக் கூடாது. மூன்று பேப்பர், நாலு யூடியூப் சேனல், மாசம் இரண்டு தொகுப்புப் புத்தகம். எல்லாவற்றிலும் அதே செய்தி. கத்தரித்த துண்டுகளை மறுபடி எடுத்துப் பார்ப்பவர் யார்? ஒரு பேப்பர், ஒரு மாத இதழ் போதும். மத்திய அரசு வெளியிடும் ‘திட்டம்’ என்ற மாத இதழ் தமிழிலேயே வருகிறது. நோட்டில் தேதிவாரியாக எழுதாமல் விஷயவாரியாக எழுத வேண்டும். விலைவாசிக்கு நாலு பக்கம், தண்ணீருக்கு நாலு பக்கம், நீதிமன்றத்துக்கு நாலு பக்கம் என்று விட்டுவைத்தால், புதுச் செய்தி வரும்போது பழையதன் கீழே போய் உட்காரும்.

ஒரே ஒரு செய்தியை எடுத்து அடிவரை தோண்டிப் பார்ப்பது எப்படி என்று நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கிறதா? ரசத்துக்குப் புளியை மட்டும் நம்பிய காலம்! அதை வைத்து ஒரு வாரம் படித்தோம்.

முதல் நாள், ஏன் ஏறியது. வெயிலும் பருவம் தப்பிய மழையும் விளைச்சலைக் கெடுத்தன. தக்காளி அழுகுகிற சரக்கு, வெங்காயம் மாதிரிகூட வைத்திருக்க முடியாது. அடுத்த நாள், அரசாங்கம் என்ன செய்தது. தமிழ்நாட்டில் கூட்டுறவுத் துறை சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. மத்திய அரசின் கூட்டுறவு அமைப்புகள் ஆந்திரா, கர்நாடகம், மகாராஷ்டிரத்தில் வாங்கி டில்லி பக்கம் விற்றன. யாருக்கு இந்த அதிகாரம்? விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. உணவுப் பொருள் வியாபாரம் பொதுப் பட்டியலில், இரண்டு அரசுக்கும் பங்கு. இதற்காக அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையைப் பிரித்தோம். தக்காளி இல்லாவிட்டால் அதை நான் எந்த ஜன்மத்தில் பார்த்திருப்பேன்?

பிறகு ரிசர்வ் வங்கி. அந்த ஜூலையில் சில்லறை விலைப் பணவீக்கம் 7.44 சதவீதம். 2016-ல் சட்டத்தைத் திருத்தி வைத்த முறைப்படி, குறி 4 சதவீதம். மேலே 2, கீழே 2 போகலாம். ஆக 6-ஐத் தாண்டியாயிற்று. ரிசர்வ் வங்கியில் வட்டியை முடிவு செய்ய ஆறு பேர் கொண்ட குழு இருக்கிறது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனுக்கான வட்டியைத்தான் ரெப்போ என்கிறார்கள். அது ஏறினால் நம் வீட்டுக் கடன் தவணை ஏறும், ஜனங்கள் செலவைச் சுருக்குவார்கள், விலை அடங்கும். அப்படியானால் 2023 ஆகஸ்டில் குழு ரெப்போவை ஏற்றியிருக்க வேண்டுமே? ஏற்றவில்லை. 6.5 சதவீதத்திலேயே வைத்தது.

ஏன் என்று என் பெண்ணைக் கேட்டேன். அவள் யோசித்து, “வட்டியை ஏத்தினா தக்காளிச் செடி சீக்கிரம் காய்க்குமாம்மா?” என்றாள். அதேதான். மழையால் வந்த விலை, அடுத்த அறுவடை வந்தால் இறங்கிவிடும், வட்டியால் ஆகப்போவதில்லை. ஆனால் சமையலறைச் செலவு மாசக்கணக்கில் ஏறிக்கொண்டே போனால் ஜனங்கள் கூலி கூட்டிக் கேட்பார்கள், மற்ற விலையும் ஏறும், அப்போது சும்மா இருக்க முடியாது. இந்த இரண்டு பக்கத்தையும் எழுதத் தெரிந்தால் முதன்மைத் தேர்வில் பொருளாதாரக் கேள்விக்குப் பயப்பட வேண்டாம். இன்னொன்று: 2012-ஐ அடிப்படை ஆண்டாக வைத்த அந்தக் குறியீட்டில் உணவுக்கு மட்டும் ஏறக்குறைய 46 சதவீதப் பங்கு. அதனால்தான் ஒரு தக்காளி நாட்டின் எண்ணையே அசைத்தது.

அடிப்படைக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரையிலான நம் தமிழ்நாட்டுப் பாடநூல்களே போதுமான ஆரம்பம். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய தடிப் புத்தகத்தைவிட, மளிகைக்கடை நாடாரம்மா பேத்தியிடம் வாங்கிய பதினோராம் வகுப்புப் பொருளாதாரப் புத்தகம்தான் எங்கள் வீட்டில் கிழியக் கிழியப் படிக்கப்பட்டது.

சரி, அந்த மாமியார் அம்மாளுக்கு வருகிறேன்.

அம்மா, உங்கள் மருமகள் ஆசைப்படுவது நியாயம். ஆனால் எண்களை உங்களிடம் மறைக்க மாட்டேன். 2023-ஆம் வருஷத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 10,16,850 பேர். எழுத வந்தவர்கள் 5,92,141. முதன்மைத் தேர்வுக்குத் தேறியவர்கள் 14,624. கடைசியில் தேர்வானவர்கள் 1,016 பேர், அவர்களில் பெண்கள் 352. கெட்டிக்காரத்தனம் மட்டும் போதாத இடம் இது. ஆகவே முதல் நாளே உட்கார்ந்து பேசி, எத்தனை வருஷம் என்று எழுதி வையுங்கள். என் பெண் விஷயத்தில் நாங்கள் மூன்று தடவை என்று எழுதி, பூஜை அறைக் காலண்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறோம். “பொண்ணுக்கு இருபத்தி நாலு ஆச்சு, இன்னும் புஸ்தகமா?” என்று கேட்கிற உறவுக்காரர்களுக்கு அந்தக் காகிதமே பதில். மூன்றாவது தடவை ஆகாவிட்டால் என்ன என்பதும் அதிலேயே எழுதியிருக்கிறது. அதை எழுதும்போது அவள் கண் கலங்கியது. எனக்கும்தான்.

கூடவே டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளையும் எழுதச் சொல்லுங்கள். அரசியல் சாசனமும் பொருளாதாரமும் அங்கேயும் இதே பாடம், கேள்வித்தாள் தமிழிலும் வரும். குரூப் 4-க்குப் பத்தாவது தேறியிருந்தாலே போதும். 200 கேள்வியில் பாதி தமிழ்ப் பாடம். உங்கள் மருமகளுக்கு டிகிரி இருப்பதால் குரூப் 2, குரூப் 1 வரைக்கும் வாசல் திறந்திருக்கிறது. பணம் கட்டி மையத்தில் சேர்க்கும் முன்னால் அரசாங்க வழிகளைப் பாருங்கள். சென்னையில் தமிழக அரசே நடத்தும் சிவில் சர்வீஸ் பயிற்சி மையம் இருக்கிறது. ‘நான் முதல்வன்’ திட்டத்தில் 2023-லிருந்து, தனித் தேர்வு வைத்து ஆயிரம் பேரைப் பொறுக்கி, முதல்நிலைக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் பத்து மாதம் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம், நகை அடகு வைத்து ஒரு தனியார் மையத்தில் மொத்தப் பணத்தையும் முதலிலேயே கட்டிவிட்டு, இரண்டு மாசத்தில் பிடிக்கவில்லை என்று பெண் திரும்பி வந்தபோது ஒரு பைசா பெயரவில்லை. கட்டுவதானால் தவணையாகக் கட்டுங்கள்.

குழந்தை இருக்கிற பெண்ணுக்குப் பணத்தைவிடப் பெரிய கஷ்டம் நேரம். குழந்தை தூங்கும்போது படிக்கலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும். குழந்தை தூங்கும்போது துணி துவைக்க வேண்டுமே! ஆகவே நீங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்றே ஒன்று. காலையில் இரண்டு மணி நேரம், தினமும் ஒரே நேரத்தில், குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் காஸ்காரன் வந்தாலும் அவளைக் கூப்பிடாதீர்கள். பிள்ளையிடமும் சொல்லி, சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்கு அவரைப் பொறுப்பாக்குங்கள். “எனக்கு ஆபீஸ்ல களைப்பு” என்பார். அவளுக்கும் களைப்புதான். அவள் இன்னும் பால் கொடுக்கிறாள் என்றால் ராத்திரி பன்னிரண்டு வரை கண் விழிக்க விடாதீர்கள். தலைசுற்றல், மூச்சு வாங்கல் இருந்தால் படிப்புக் களைப்பு என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டி ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். நம் பெண்கள் பலருக்கு ரத்த சோகை இருந்தும் தெரிவதில்லை.

பரீட்சை அன்றைக்கு ஒரு விஷயம், இதை மற்ற நான்கு சகோதரிகளும் குறித்துக்கொள்ளுங்கள். முதல்நிலைத் தேர்வின் இரண்டு தாளும் ஒரே நாளில். காலை 9.30-லிருந்து 11.30, மத்தியானம் 2.30-லிருந்து 4.30. இரண்டாவது தாள் கணக்கும் வாசித்துப் புரிந்துகொள்வதும். 200-க்கு 66 வந்தால் போதும், ஆனால் வராவிட்டால் காலைத் தாளில் எத்தனை எடுத்தும் பிரயோஜனமில்லை. இடையில் மூன்று மணி நேரம், கோடை வெயில், ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்து மரத்தடி. புளியோதரை, பொரித்த அப்பளம் என்று கட்டிக்கொடுத்தால் 2.30-க்குக் கண் சொக்கும். கொஞ்சமாகத் தயிர்சாதம், அது புளிக்காமலிருக்கப் பாலில் பிசைந்து ஒரு ஸ்பூன் தயிர் விட்டது, மாதுளை முத்து, இரண்டு பாட்டில் தண்ணீர், உட்கார ஒரு பழைய பெட்ஷீட். கூடப் போனீர்களானால், காலைத் தாள் எப்படி என்று மட்டும் மத்தியானம் கேட்காதீர்கள். நான் போன தடவை அந்த மூன்று மணி நேரமும் விசிறிக்கொண்டு, தெருக்கோடி வீட்டுக் கல்யாணத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.